விஷவாயு தாக்கி: ஒரு தலைப்பின் இலக்கணம்

‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய 3 பேர் விஷவாயு தாக்கி பலி.’

இது ஏதோ ஒரு பேப்பரில் ஏதோ ஒரு நாள் வந்த தலைப்பு இல்லை. ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றிக்கொண்டால் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். அச்சில், டிவியில் கீழே ஓடும் வரியில், இப்போது வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டில் என்று எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான். இத்தனை தடவை வாசித்துவிட்டதால், இதற்குள் சொல்தேர்வு என்று ஒன்று நடந்திருப்பதே நம் கண்ணில் படுவதில்லை.

முதலில் ‘தாக்கி’. செய்தித் தமிழில் இந்தச் சொல் எதோடெல்லாம் சேர்ந்து வருகிறது என்று பாருங்க. மின்னல் தாக்கி, யானை தாக்கி, மின்சாரம் தாக்கி, விஷவாயு தாக்கி. (மின்சாரத்தின் கதையும் பாதி இதேதான், அது இன்னொரு நாள்.) மின்னல் வானத்திலிருந்து வருகிறது, யானை காட்டிலிருந்து வருகிறது. விஷவாயு எங்கிருந்தும் வருவதில்லை. மூடிய தொட்டியில் காற்றுப் படாமல் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. காற்றை விடக் கனம் என்பதால் அடியில் தங்குகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப உணர்ச்சியே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைத்துக்கொள்வார். அதிக அளவில் இருந்தால் சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். மேலே நிற்பவர் பதறிப்போய் அவரைத் தூக்க இறங்குவார், அவரும் விழுவார். தலைப்பில் எண்ணிக்கை பல சமயம் ஒன்றோடு நிற்காததற்கு இதுதான் காரணம்.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை, ரொம்ப காலமாகத் தெரிந்த வேதியியல். இருந்த இடத்திலேயே இருக்கிற ஒன்று, இருக்கிறது என்று தெரிந்த ஒன்று, எப்படித் தாக்கும்? ஆளைத்தான் அதனிடம் அனுப்புகிறார்கள்.

அடுத்து வாக்கியத்தின் கட்டு. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று இலக்கண வகுப்பில் ஓர் உதாரணம் வரும். பெய்தது மழை, நிறைந்தது குளம், நடுவில் ஒரு வினையெச்சம். இயற்கையில் நடப்பதைச் சொல்வதற்குக் கச்சிதமான அச்சு அது. ‘விஷவாயு தாக்கி 3 பேர் பலி’ அதே அச்சில் வார்த்ததுதான். காரணம் கிடைத்துவிட்டது, விளைவும் கிடைத்துவிட்டது, வாசகருக்குக் கேட்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. மழை பெய்தால் குளம் ஏன் நிறைந்தது என்று யாராவது கேட்பாங்களா?

ஆனா எனக்கு இதில் ரொம்ப உறுத்துகிற சொல் ‘இறங்கிய’தான். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. ‘பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கினான்’, ‘பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்’. நடுவில் ங் போய் க் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். முடிவு யாருடையது என்பது மட்டும் தலைகீழாகிவிடுகிறது. இவ்வளவு சின்ன மாற்றத்தில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டுகிற வசதி நம்ம மொழியில் இருக்கு. தலைப்பு அதைத் தொடுவதே இல்லை.

தொட்டிக்குள் ஓர் ஆள் போவதற்கு முன்னால் வெளியே ஒரு சின்ன நாடகமே நடந்து முடிந்திருக்கும். தொட்டி நிறைந்துவிட்டது என்று யாரோ போன் பண்ணியிருப்பார். ஒப்பந்ததாரர் கூலி பேசியிருப்பார். லாரி வைத்து உறிஞ்சுவதை விட ஆளை விடுவது மலிவு என்று ஒருவர் கணக்குப் போட்டிருப்பார். மூடியை ஒருவர் திறந்திருப்பார், கயிற்றை ஒருவர் கொடுத்திருப்பார். ‘இறங்கிய’ என்று எழுதிய உடனே இத்தனை பேரும் வாக்கியத்திலிருந்து கழன்றுகொள்கிறார்கள். குளத்தில் குளிக்க இறங்கிய இளைஞருக்கும் தொட்டியில் இறங்கிய தொழிலாளிக்கும் ஒரே வினைச்சொல்.

சட்டத்தின் வாக்கியம் இப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ம் வருஷச் சட்டத்தில் 7-ம் பிரிவைப் பாருங்க. தனி ஆளோ, உள்ளாட்சி அமைப்போ, ஏஜென்சியோ, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய யாரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது அது. மீறினால் முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். சட்டத்துக்கு எழுவாய் ஈடுபடுத்துகிறவர், பேப்பருக்கு எழுவாய் வாயு.

நிருபர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. செய்தி வரும்போது யார் அனுப்பினார்கள் என்பது தெரிந்திருக்காது. போலீஸ் கொடுத்த நாலு வரியை வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சாட்ட முடியாது. சரி, பெயர் வேண்டாம். ‘இறக்கப்பட்ட 3 பேர்’ என்று எழுத எந்தப் பெயரும் தேவையில்லையே. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய கட்டுரையிலிருந்தே, செயப்பாட்டுவினை பொறுப்பை மறைக்கிறது, முடிந்த வரை தவிருங்கள் என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்லிவருகிறார்கள். இந்த இடத்தில் அது எடுபடாது. ‘இறக்கப்பட்டார்’ என்றதும் ‘யாரால்?’ என்று ஒரு காலி இடம் தெரிகிறது. ‘இறங்கினார்’ அந்தக் காலி இடத்தையே அடைத்துவிடுகிறது. இங்கே மறைப்பது செய்வினைதான்.

‘பலி’க்கு வருவோம். ரெண்டெழுத்து, தலைப்பில் இடம் மிச்சம் என்பார்கள். ‘சாவு’ம் ரெண்டெழுத்துதான். தலைவர்கள் காலமாகிறார்கள், எழுத்தாளர்கள் மறைகிறார்கள், ஆதீனங்கள் முக்தி அடைகிறார்கள். இறந்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதை மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்த்த மொழி இது. யாருடைய சாவுக்கு எந்தச் சொல் என்பதில் நமக்குப் பழக்கம் அதிகம். ‘பலி’ பெரும்பாலும் எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 3 பேர் பலி, 5 பேர் பலி. கோயிலில் கொடுக்கிற பலியும் இதே சொல்தான். பலி என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்கணும். அந்தப் பொருள் தேயாமல் இருந்திருந்தால் இந்தத் தலைப்பிலேயே பொருத்தமான சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இது பேப்பர்காரர்களின் பழக்கம் மட்டும் இல்லை. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு சொன்ன பதில், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது. தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் இறந்தவர்கள் ‘அபாயகரமான முறையில் சுத்தம் செய்தல்’ என்ற இன்னொரு தலைப்பின் கீழ் எண்ணப்படுகிறார்கள். வகையின் பெயரை மாற்றியதில் ஒரு பட்டியல் பூஜ்ஜியம் ஆகிவிட்டது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே கையால் மலம் அள்ளுவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான். 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கினார்கள்.

பெயர்மாற்றங்களும் நடக்கின்றன. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கணும் என்று தமிழக அரசு 2020-ல் அறிவித்தது. ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின்ஹோல்’ ஆகும் என்று 2023 ஒன்றிய பட்ஜெட் உரையில் வந்தது. ஆள் என்கிற சொல் குழியின் பெயரிலேயே இருப்பதை ஒருவழியாக ஓர் அரசு கவனித்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

இப்படி ஒரு செய்தியை அடுத்த தடவை பார்க்கும்போது கடைசி வரி வரைக்கும் போய்ப் பாருங்க. பெரும்பாலும் அது இப்படி இருக்கும்: ‘தலைமறைவான ஒப்பந்ததாரரைப் போலீசார் தேடி வருகின்றனர்.’ முழுச் செய்தியிலும் அவர் முதன்முதலாக வருகிற இடம் அதுதான், அதுவும் இரண்டாம் வேற்றுமை உருபோடு. எழுவாய் அங்கேயும் வேறு ஆள்.