மறுப்புக்கும் மதிப்பு வேண்டும்

பெரிய மாரடைப்பு ஒன்றில் சுமார் 100 கோடி இதயத் தசைச் செல்கள் மடியக்கூடும். அந்த இடத்தில் புதுத் தசை வளர்வதில்லை, தழும்புதான் மிஞ்சுகிறது. இதைச் சரிசெய்யும் வழி தேடித்தான் இளம் ஆய்வாளர்கள் மூலக்கூறு இதயவியலுக்கு வருகிறார்கள். அமெரிக்க ஆய்வகங்களில் அவர்களுடைய எதிர்காலம் பெரும்பாலும் ஒரே ஆளைச் சார்ந்திருக்கிறது. நிதியைப் பெறுபவர் தலைமை ஆய்வாளர். அந்த நிதியில்தான் முனைவர் பட்டம் முடித்தவர்கள் குறுகிய கால ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதமும் அவர் கையில்தான். இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மார்க் கீட்டிங்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய கென்னத் பாஸ், வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டியெடுத்தாலும் இரண்டு மாதங்களில் அது மீண்டும் வளர்ந்துவிடுவதை 2002இல் காட்டினார். பின்னர் ட்யூக் பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் அமைத்து அதே கேள்வியைத் தொடர்ந்தார். மூத்தவரின் நிதியும் நிழலும் இல்லாமல் அப்படியொரு தொடக்கம் எளிதல்ல.

மூத்தவரின் கருத்தே பிழையானால் அந்த நிழல் இருளாகிவிடுகிறது. எலும்பு மஜ்ஜைச் செல்கள் சுண்டெலியின் சேதமுற்ற இதயத்தில் தசையாக மாறுகின்றன என்று 2001இல் பியரோ அன்வெர்சாவின் குழு ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. அப்படி எதுவும் நிகழவில்லை என்று 2004இல் இரண்டு குழுக்கள் அதே இதழில் எழுதின. ஆனாலும் நிதி வந்துகொண்டே இருந்தது. நோயாளிகளிடமும் சோதனைகள் நடந்தன. பொய்த் தரவுகளைக் காரணம் காட்டி, அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் சொன்னது 2018இல்தான். இந்தத் துறையில் பிழை எங்கே நுழைகிறது என்று பார்க்க வேண்டும். சாயமேற்றிய இதயத் திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் தசை தானாகவே மெல்ல ஒளிரும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு செல்கள் ஒரே செல்லாகத் தெரியும். ஒளிரும் அந்தப் புள்ளி புதுத் தசையா, வெறும் தோற்றமா என்று முதலில் சந்தேகிக்க வேண்டியவர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் இளம் ஆய்வாளர். சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால் அதிகம் இழக்கக்கூடியவரும் அவரே.

இது ஒரு ஆய்வகத்தின் தவறு, 2004ஆம் ஆண்டு மறுப்புகளே அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்குச் சான்று என்று சிலர் வாதிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மறுப்பு வந்தது வெளியிலிருந்து. அதற்குப் பிறகும் 14 ஆண்டுகள் கழிந்தன. ஒருவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, பயிற்சி முடித்து, ஆசிரியர் பணியில் அமர அவ்வளவு காலம் போதும். கண்காணிப்பு கூடினால் துணிச்சலான ஆய்வு குன்றிவிடும் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐக் கொண்டு இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்டது யோனாஸ் ஃபிரிசெனின் குழு. 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு தசைச் செல்களே புதிதாகின்றன என்று 2009இல் அது சொன்னது. பரபரப்பில்லாத சிறிய எண்தான்; ஆனால் அதைக் கண்டறிந்த முறையில் துணிச்சலுக்குக் குறைவில்லை. எனவே, இளம் ஆய்வாளருக்கு மூலத் தரவுகளைப் பார்க்கும் உரிமையும், தலைமை ஆய்வாளரைச் சாராத இன்னொரு வழிகாட்டியும் வேண்டும். பணி நியமனக் குழுக்கள், முந்தைய முடிவைச் சரிபார்த்து மறுத்த கட்டுரையையும் கண்டுபிடிப்புக்கு இணையாக மதிக்க வேண்டும். சோதனைக்கு ஒப்புக்கொண்டு படுத்த நோயாளிக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.