வெட்டியெடுத்த சிரிப்பு

ஆசிரியர் ஓய்வறையிலே மதிய இடைவேளையின்போது ஒரு காட்சியை நாம் நாள்தோறும் காண்கின்றோம். சோற்றுப் பொதியை அவிழ்ப்பதற்கு முன்னரே ஒருவர் தமது கைத்தொலைபேசியை அடுத்தவரிடம் நீட்டுவார். வாங்கியவர் அரை நிமிடம் உற்றுப் பார்ப்பார், வாய்விட்டுச் சிரிப்பார், தமக்கும் அதனை அனுப்புமாறு கேட்பார். பெரும்பாலும் அது தென்னிந்தியத் திரைப்படமொன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட நகைச்சுவைத் துணுக்காக இருக்கும். அதிலே தோன்றுபவர் பெரும்பாலும் வடிவேலுவாக இருப்பார்.

இத்துணுக்குகளைப் பற்றி எழுதப்போகின்றோம் என்று நாம் சொன்னபோது நண்பர் ஒருவர், “அப்படியானால் கச்சான் சரையையும் விமர்சியுங்கள்” என்றார். ஊரவர் அனைவரும் ஒரே கச்சான் சரையை நாளுக்குப் பத்துத் தடவை படித்து, படித்தபின் அயலவனுக்குக் கொடுத்து, அதிலுள்ள வாசகங்களாலேயே தமது துன்பத்தையும் கோபத்தையும் பேசத் தொடங்குவார்களாயின், அதனையும் விமர்சிக்கத்தான் வேண்டும். மக்களின் ரசனையைப் பற்றிப் பேசுகின்ற நாம், மக்கள் உண்மையாகவே எதை ரசிக்கின்றார்கள் என்பதைக் காணாததுபோல் நடந்துகொள்வது நேர்மையாகாது.

முதலில் துணுக்கின் உருவத்தை நோக்குவோம். தமிழ்ச் சினிமாவிலே நகைச்சுவை நெடுங்காலமாகவே கதையிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய தனிப் பகுதியாக இருந்து வந்திருக்கின்றது. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தைக் கதையிலிருந்து கழற்றி எடுத்தாலும் அது குறைவுபடாது. நந்தனார் கதையைத் தலைகீழாக்கி, ஒடுக்கப்பட்ட சிறுவனைக் கோயில் வாசலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்த அக்காலட்சேபத்துக்குத் தனக்கெனத் தொடக்கமும் முடிவும் நோக்கமும் இருந்தன. 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியும் தன்னளவில் முழுமையானதே. இரண்டு பழம் வாங்கி வரச் சொன்ன கவுண்டமணிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றது எங்கே என்று கேட்டபோதெல்லாம் அதுதான் இது என்று செந்தில் சாதிக்கின்றார். காரணமும் காரியமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. வேறெதையும் நாம் அறிந்திருக்கத் தேவையில்லை.

இன்றைய துணுக்கோ அத்தகையதன்று. அடி விழுகின்ற கணம் மட்டுமே அதிலே எஞ்சியிருக்கின்றது. அடித்தவன் யார், எதற்காக அடித்தான், அடிபட்டவன் அதன்பின் எங்கே போனான் என்பவை வெட்டப்பட்டுவிடுகின்றன. கூத்திலே கட்டியகாரன் அரசனின் வருகையை அறிவித்துக்கொண்டே அவனை நையாண்டி செய்வான். விடியும்வரை சபையிலிருப்பவர்கள் எந்த அரசனை எதற்காக எள்ளுகின்றோம் என்பதை மறப்பதில்லை. துணுக்கைப் பார்ப்பவனுக்கு அரசனும் தெரியாது, சபையும் தெரியாது. நகை எதிலிருந்து பிறக்கும் என்று ஆராய்ந்த தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் காட்டி, அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளல் என்றவுடனேயே எள்ளுபவன் ஒருவனும் எள்ளப்படுபவன் ஒருவனும் வந்துவிடுகின்றனர். துணுக்கிலே எள்ளப்படுபவன் மட்டும் தெரிகின்றான். எள்ளுபவனது இடம் வெறுமையாக இருக்கின்றது. அனுப்புகின்றவன் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்கின்றான்.

ஆகவே ஒரு துணுக்கின் பொருள் பாதி அதற்குள்ளேயும் பாதி அதனை அனுப்பும் கையிலேயும் இருக்கின்றது. இதனை மறந்துவிட்டு, சினிமா நகைச்சுவை முழுவதும் கழிசடை என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வதும், மக்கள் சிரிக்கின்றார்கள் ஆகையால் அது மக்கள் கலையே என்று கொண்டாடுவதும் நமக்கு ஏற்புடையன அல்ல.

வடிவேலுவை எடுத்துக்கொள்வோம். மதுரைக்காரரான அவர், 1991இல் ‘என் ராசாவின் மனசிலே’ வெளிவந்தபின் கவனிக்கப்பட்டவர். ‘வின்னர்’ (2003) படத்துக் கைப்புள்ளையும் ‘தலைநகரம்’ (2006) படத்து நாய் சேகரும் ஒரே மனிதனின் இரு வடிவங்கள் என்றே கூறலாம். அதிகாரம் எதுவுமில்லாதவன்; ஆனால் அதிகாரத்தின் நடையையும் உடையையும் பேச்சையும் இரவல் வாங்கி வைத்திருப்பவன். ஊரையே நடுங்க வைப்பவன் போலப் புறப்பட்டு, உடம்பெல்லாம் அடி வாங்கித் திரும்புவான். திரும்பியபின்னும் தோற்றதாக ஒப்புக்கொள்ள மாட்டான். 2022இல் இந்நாட்டின் பொருளாதாரம் சரிந்து, பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாம் இரவு பகலாக வரிசையில் நின்றபோது அந்த வரிசைகளிலே கைக்குக் கை மாறியவை இந்த முகங்களே. முந்திய நாளிரவு வந்து நின்றும் வெறுங்கலனோடு திரும்பிய ஒருவர், அடிபட்டு வீங்கிய கைப்புள்ளையின் படத்தைத் தம் படமென்று அனுப்பியதை நாம் பார்த்தோம். தலைவர்கள் விளக்கம் கூறிக்கொண்டிருந்த அந்நாட்களில் உண்மை நிலையைக் கூறியது அந்தப் படம்தான். அங்கே எள்ளியவனும் எள்ளப்பட்டவனும் ஒருவனே. அச்சிரிப்பை இழிவானது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலிலே தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்த பின்னர் பல ஆண்டுகளாக வடிவேலுவுக்குப் படங்கள் மிகவும் அருகிவிட்டன. ஆனால் அந்த ஆண்டுகளிலேதான் அவரது முகம் கைத்தொலைபேசிகளில் பெருகியது. கலைஞன் வேலையின்றி வீட்டிலிருந்தான். அவனது முகம் ஓய்வின்றி வேலை செய்தது. நாள் முழுவதும் நகைச்சுவைக் காட்சிகளையே ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளும், யூரியூப், முகநூல் ஆகியவற்றை நடத்தும் கொம்பனிகளும் அவனுடைய பழைய உழைப்பின் இடையிடையே விளம்பரத்தைச் செருகிக்கொண்டன. இலவசமாகச் சிரிக்கின்றோம் என்று நினைக்கும் நாமும் அந்த வியாபாரத்தில் சம்பளமில்லாத விநியோகஸ்தர்களே.

2019ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2001இல் வெளிவந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு, நேசமணி என்ற பெயரில் வர்ணம் பூசும் கொந்தராத்துக்காரராக வருவார். பெரிய வீடொன்றிலே வேலை நடக்கும்போது, மேலே நின்ற வேலையாளின் கையிலிருந்து தவறிய சுத்தியல் அவர் தலையில் விழும். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று முகநூலில் எவரோ கேட்க, தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, இதுதான் நேசமணியின் தலையில் விழுந்தது என்றும் எழுதிவைத்தார். கதை தெரியாத அயல்நாட்டான் ஒருவன் அவர் நலமாக இருக்கின்றாரா என்று விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற வாசகம் ருவிற்றரிலே உலகெங்கும் பரவியது. மே 30ஆம் திகதி மோடி இரண்டாவது தடவையாகப் பிரதமர் பதவியேற்றார். தமிழ்நாட்டிலே பலர் அன்று அதனை விட்டுவிட்டு நேசமணியின் உடல்நிலையையே விசாரித்துக்கொண்டிருந்தனர்.

தமிழ்நாட்டு நண்பர்கள் இதனை அரசியல் எள்ளலாக விளக்கினார்கள். இருக்கலாம். நமக்கோ அந்த வாசகத்தைக் கண்டபோது முதலில் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஐந்தரை வாரங்களுக்கு முன்னரே, ஏப்ரில் 21இல், கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250இற்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். இலங்கைக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற வாசகம் அப்போது உலகமெங்கும் சுற்றியது. அதே வாக்கியம், பெயர் மட்டும் மாறி, ஒரு கோமாளிக்காக வந்தபோது நெஞ்சில் ஏதோ குத்தியது.

ஆயினும் ஆறுதலாக யோசித்தபோது நாம் வேறொரு முடிவுக்கு வந்தோம். ஏப்ரிலிலே நம்மைத் தேடி வந்த அந்தப் பிரார்த்தனைகளால் ஒரு விதவைக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்ததா? விரலால் ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிந்துபோகும் துக்கத்தின் வெறுமையை எந்தக் கட்டுரையாளனும் அவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டியதில்லை. நேசமணிக்காக ‘பிரார்த்தித்த’ இளைஞர்களுள் எத்தனை பேர் இதை எண்ணிச் செய்தார்கள் என்பது வேறு விடயம். செய்தது என்னவோ நல்ல நையாண்டிதான்.

நம் நாட்டிலே நகைச்சுவைக்குப் பஞ்சமிருக்கவில்லை என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். பஸ் கொண்டக்டரின் ஒரு நாள் பாட்டைத் தனியொருவராக நடித்துக்காட்டிய கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைட்’ யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே பிறந்தது. வானொலியில் புகழ்பெற்றுப் பின் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்த தொடரிலே மரிக்காராக ராமதாசும், உபாலியாகச் செல்வசேகரனும், ஐயராக அப்துல் ஹமீதும் பேசினார்கள். முஸ்லிமின் தமிழை இந்துவும், ஐயரின் தமிழை முஸ்லிமும் பேசிச் சிரிக்க வைத்த காலம் அது. அதில் எள்ளல் இல்லாமலில்லை. ஆனால் எள்ளப்பட்டவனும் அதே வானொலியை அடுத்த வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

நாம் அனுப்பும் துணுக்கு எந்த வீட்டிற்குப் போய்ச் சேருகின்றது என்பதை நாம் அறிவதில்லை. கரிய நிறத்தையும், பருத்த பெண்ணையும், திக்குவாயையும் பரிகசிக்கும் காட்சிகள் தமிழ்ச் சினிமாவில் மலிந்துகிடக்கின்றன. அவற்றைப் பற்றி விரிக்கப் புகவில்லை. அவை இழிந்தவை என்பதில் இவ்வேட்டின் வாசகர்களுக்கு ஐயமிராது. நம்மைத் துன்புறுத்துவது அதைவிடச் சாதாரணமான ஒன்று.

நமது பத்தாந் தர மாணவன் ஒருவன், வகுப்பினருக்கான வட்ஸ்அப் குழுவிலே அந்தச் சுத்தியல் காட்சியை இட்டு, அதன் கீழே ‘எங்கடை அப்பா’ என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. குழுவிலே இருந்த நாமும் சிரிக்கும் முகமொன்றை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தோம். இரண்டு வாரங்களின் பின்னரே சக ஆசிரியை ஒருவர் மூலம் விபரம் தெரிந்தது. அவனுடைய தந்தை நாட்கூலிக்கு வர்ணம் பூசுபவர். ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்து ஆறு மாதங்களாக வீட்டிலிருந்தார். வேலை செய்வித்தவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு சரி. மற்றப் பையன்கள் சிரிப்பதற்கு முன்னர் தானே சிரித்துவிட வேண்டும் என்று அவன் முந்திக்கொண்டிருக்கின்றான். எரிபொருள் வரிசையில் நாம் போற்றிய அதே சிரிப்புத்தான் இதுவும். வரிசையிலே எல்லோரும் ஒன்றாக அடி வாங்கினோம். வகுப்பிலே அவன் தனியாக வாங்கினான்.

அடியைச் சிரிப்பாக்கும் அந்த உடம்பைப் பற்றி நாம் சிந்தித்தது அதன்பின்புதான். 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு இசக்கி என்ற வேலைக்காரனாக வருகின்றார். எசமானின் சொற்படி கோயிற் பூட்டைத் திறந்ததற்காக அவன் கை வெட்டப்படுகின்றது. ஒற்றைக் கையோடு கிடந்தபோதும் அவன் வேடிக்கையாகவே பேசுகின்றான், பார்த்தவர்களும் சிரித்தார்கள். அந்த இசக்கியைத்தான் தாம் மாமன்னனாக்கினோம் என்று மாரி செல்வராஜ் 2023இல் பகிரங்கமாகச் சொன்னார். ‘மாமன்னன்’ படத்திலே வடிவேலு தனித்தொகுதியொன்றின் சட்டசபை உறுப்பினர். உயர்சாதித் தலைவனின் முன்னிலையில் அவருக்கு இருக்கை கிடையாது. தந்தையை நாற்காலியில் இருக்கும்படி மகன் வற்புறுத்தும் காட்சியைப் பார்த்தபோது, முப்பது ஆண்டுகளாக நாம் எந்த உடம்பைப் பார்த்துச் சிரித்தோம் என்பது நமக்கு உறைத்தது.

ஆனால் அந்தப் படத்துக்கும் துணுக்கு வெட்டுவோர் கையில் நேர்ந்த கதி என்ன? பகத் பாசில் நடித்த சாதிவெறி கொண்ட ரத்தினவேலுவின் காட்சிகளை மட்டும் பிரித்தெடுத்து, சாதிப் பெருமைப் பாட்டுகளை அவற்றோடு ஒட்டி, அவனையே வீரனாக்கி ஆயிரக்கணக்கில் பரப்பினார்கள். சாதியை எதிர்த்து எடுத்த படம், கத்தரிக்கோல் பட்டவுடன் சாதிக்கு மாலை சூட்டியது. வெட்டுவதும் அனுப்புவதும் வெறும் பொழுதுபோக்கு என்று வாதிடும் நண்பர்கள் இதற்கு என்ன கூறுவார்கள்?

வகுப்பிலே அறிவுரை சொல்ல நாம் விரும்பவில்லை. அந்த மாணவனைச் சுட்டுவதுபோல் ஆகிவிடும் என்ற அச்சமும் இருந்தது. பதிலாக, விமர்சனப் பாடவேளை ஒன்றிலே ‘பிரண்ட்ஸ்’ படத்தின் வர்ணம் பூசும் பகுதியைச் சுத்தியல் விழுவதற்கு முன்னும் பின்னுமாக நீளமாகப் போட்டுக் காட்டினோம். வீட்டுக்காரருக்கு முன்னால் வளைந்து நிற்பவரும், தம் வேலையாட்களை ஓயாமல் ஏசுபவருமான கொந்தராத்துக்காரரின் இரண்டு முகங்களையும் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். கண்டுபிடித்தார்கள், நன்றாகவே பேசினார்கள். கைகொட்டிச் சிரிக்கவும் சிரித்தார்கள்.

மணி அடிக்கும் தறுவாயில் அந்த மாணவன் எழுந்து நின்று, “மேலை நிண்டவருக்கு அண்டைக்குச் சம்பளம் குடுத்திருப்பினமோ, சேர்?” என்று கேட்டான்.

படத்தில் அதற்கு விடையில்லை. நாம் அதுவரை அதனை எண்ணிப் பார்த்ததுமில்லை.