இட்டேரியில் சோதிக்கப்படும் ஷாக் அப்சார்பர்

பல்லடத்தை அடுத்த கேத்தனூரில், காற்றாலைகளுக்கு இடையே ஓடும் மண்பாதைகளில் நடந்துள்ள கோயம்புத்தூர் ராலியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இன்ஜினின் குதிரைத்திறனையே சுற்றி வருகிறதெனினும், அங்கே நொடிகளை ஈட்டித் தருவதும் பறித்துக்கொள்வதும் காரின் அடியில் இயங்கும் சஸ்பென்ஷன்தான். செட்டிபாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீடுவே போன்ற சீரான தார்த்தளத்தில் தாழ்வாகவும் விறைப்பாகவும் அமைந்த கார் ஒட்டிக்கொண்டு ஓடும்; அதே கார் இட்டேரி எனப்படும் மண்பாதையில் இறங்கினால் கல்லுக்குக் கல் தாவும்.

சக்கரம் ஒரு கல்லின்மீது ஏறும்போது சுருள்வில் அமுங்கி அந்த அடியின் ஆற்றலைச் சேமிக்கிறது. ஷாக் அப்சார்பரோ, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுக்கி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. வில் திரும்ப விரிவதை ஷாக் அளவுக்கு மீறித் தடுத்தால், முதல் குழியிலிருந்து சக்கரம் மீள்வதற்குள் அடுத்த குழி வந்துவிட, கார் படிப்படியாகத் தாழ்ந்து அடிப்பகுதி தரையில் மோதும். தடுப்பு போதாவிட்டால் சக்கரம் பந்துபோல் எகிறும். இரண்டிலும் டயர் மண்ணை விட்டு விலகுகிறது. விலகிய டயருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

சொகுசுக்குரிய கணக்கு வேறு. காரின் உடற்பகுதி பொதுவாக நொடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடுமாறு வில்கள் அமைக்கப்படுவதற்குக் காரணம், 4 முதல் 8 முறை வரையிலான மேல்கீழ் அதிர்வுதான் மனித உடலை மிகவும் வருத்துகிறது என்பதே. ஆனால், மலையடிவாரத்து வெள்ளியங்காடு வரை பயணியைத் தாலாட்டிக் கொண்டுசெல்லும் மென்மையான வில், காரமடையிலிருந்து கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் சாலையின் 43 கொண்டை ஊசி வளைவுகளில் காரைப் பக்கவாட்டில் சாய்த்து, ஓட்டுநரின் கைக்குத் தாமதமாகப் பதில் சொல்லும்.

ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் வென்று, 2019இல் அர்ஜுனா விருது பெற்ற கௌரவ் கில், உயரமும் எடையும் மிகுந்த மகிந்திரா எக்ஸ்யூவி500 வண்டியில் இந்திய ராலிகளை வென்றது இங்கே கவனிக்கத்தக்கது. சக்கரம் மேலும் கீழும் நகர நீண்ட இடம் தரும் சஸ்பென்ஷன் வாய்த்தால், கரடுமுரடான பாதையில் எடையின் குறையைப் பெருமளவு ஈடுகட்டலாம் என்றே அவ்வெற்றிகளை வாசிக்க வேண்டும். ஓட்டம் நீளும்போது சூடேறி நீர்த்து நுரைக்கும் எண்ணெய் தன் பிடிப்பை இழக்கும் என்பதால், போட்டி வண்டிகளின் ஷாக்குகளில் நைட்ரஜன் அழுத்தமும், எண்ணெய்க்கெனத் தனிக் கலனும் சேர்க்கப்படுகின்றன.

வீட்டுக் காருக்கு அத்தனையும் தேவையில்லை. ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, டயர் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தாலோ, மஞ்சூர் ஏறுவதற்கு முன் ஷாக்கை மாற்றிவிடுங்கள்.