மேய்ச்சல் நிலத்துக்கு விலை சொன்னவர் யார்?

எண்ணெயைப் பற்றிய கதைகளிலும் படங்களிலும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகின்றது. கூடாரமொன்றினுள் குலத்தலைவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எதிரே தொப்பியணிந்த அந்நியர். தாம் வாசிக்கவியலாத தாளொன்றில் தலைவர் தமது முத்திரையைப் பதிக்கிறார். காலடியிற் புதைந்துகிடந்த செல்வம் கைமாறிவிடுகின்றது. கள்ளமற்ற பழங்குடி, கள்ளமே உருவான கொம்பனி என்னும் இவ்விரு பாத்திரங்களும் வாசகரின் அனுதாபத்தையும் ஆத்திரத்தையும் எளிதிற் பெற்றுவிடுகின்றன. ஏகாதிபத்தியத்தை மனதார எதிர்க்கும் எழுத்தாளர் பலரும் இக்காட்சியை விரும்பியே கையாளுகின்றனர். ஆயினும் இக்காட்சி வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதையும், ஒவ்வாததோடு நில்லாது சுரண்டலின் ஒரு முக்கிய கண்ணியை நமது பார்வையிலிருந்து மறைத்தும்விடுகின்றது என்பதையும் இக்கட்டுரையிற் காட்ட முயல்கின்றோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1901 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆந் திகதி பாரசீக மன்னர் முசாஃபர் அல்-தீன் ஷா, அவுஸ்திரேலியப் பொற்சுரங்கத்திற் பெரும் பொருளீட்டிய வில்லியம் நொக்ஸ் டார்சி என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு சலுகையுரிமை வழங்கினார். வடக்கேயுள்ள ஐந்து மாகாணங்கள் தவிர்ந்த நாடு முழுவதிலும் அறுபது ஆண்டுகளுக்கு எண்ணெய் தேடியெடுக்கும் தனியுரிமை அது. கைம்மாறாகக் கிடைத்தவை 20,000 பவுண் ரொக்கமும், அதேயளவு பெறுமதியான பங்குகளும், நிகர இலாபத்தில் நூற்றுக்கு 16 வீதமுமாம். இப்பத்திரத்தின் ஒரு வாசகம் கூர்ந்து நோக்கத்தக்கது. பயிரிடப்பட்ட நிலம் தேவைப்படின் அதனை அவ்வூர் விலைக்கு வாங்குதல் வேண்டும். பயிரிடப்படாத அரசநிலமோ இலவசமாகவே கிடைக்கும். ஏர் சென்ற தடமொன்றையே உடைமையின் அடையாளமாகக் கொள்ளும் இச்சிந்தனைக்கு, ஆண்டுக்கு இருமுறை இடம்பெயரும் மேய்ப்பரின் புலம் வெறுந்தரையாகவே தோன்றும். இலங்கையிலே 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் பயிரிடப்படாத நிலத்தையெல்லாம் முடிக்குரிய நிலமெனக் கொண்டு, அதனைக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்க வழிவகுத்தமையை அறிந்தோர்க்கு இத்தர்க்கம் புதியதன்று.

மன்னரின் கையெழுத்து தெஹ்ரானிற் செல்லுபடியாகலாம். சாக்ரோஸ் மலைகளில் அதற்கு மதிப்பில்லை. அங்கே பக்தியாரிக் குலத்தலைவர்களான கான்களின் சொல்லே சட்டம். பக்தியாரி மக்கள் வேனிலில் மலைகடந்து மேட்டு நிலங்களுக்கும், குளிர்காலத்தில் கூஸெஸ்தான் பக்கத்து அடிவாரங்களுக்கும் தமது மந்தைகளுடன் பெயர்பவர்கள். டார்சியின் பொறியியலாளரான ஜோர்ஜ் ரெய்னோல்ட்ஸ் மேற்கெல்லையருகே துளையிட்டுப் போதிய பயன் காணாது, இம்மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தை நாடினார். மன்னரின் பத்திரம் அவ்விடத்தில் உதவாது என்பதைக் கண்டுகொண்டதும், இஸ்பஹானிலிருந்த பிரித்தானியக் கொன்சல் ஜெனரலான பிரீஸ் என்பார் வாயிலாகக் கான்களுடன் பேச்சுவார்த்தை தொடங்கிற்று. 1905 நவம்பர் 15 ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

அந்த உடன்படிக்கையின் பொருளை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தமது எல்லைக்குள் எண்ணெயெடுக்க அமைக்கப்படும் கொம்பனிகளின் பங்குகளில் நூற்றுக்கு 3 வீதத்தைக் கான்கள் பெறுவர். வேலைத்தலங்களுக்கும் பாதைகளுக்கும் காவலர்களை அவர்களே அளிப்பர். அதற்கென ஆண்டுக்கு 2,000 பவுண். குழாய்வழி அமைந்தபின் 3,000 பவுண். தெஹ்ரான் அரசாங்கம் இவ்வுடன்படிக்கையை ஏற்க மறுத்தது. கொம்பனியோ அம்மறுப்பைப் பொருட்படுத்தவில்லை.

இதிலே ஏமாந்த முதியவர் எவரையும் நாம் காணவில்லை. ரொக்கத்தோடு திருப்தியடையாது பங்கைக் கேட்டவர்கள், இனிவரும் இலாபத்தின் இயல்பை ஓரளவேனும் உணர்ந்தவர்களே. மன்னரின் இசைவு ஒன்று, தமது இசைவு வேறொன்று என்பதைக் காட்டி, இரண்டுக்கும் தனித்தனியே விலையுண்டு என அவர்கள் நிலைநாட்டினர். பேரம் பேசத் தெரியாதவர்கள் என அவர்களைக் கூறுதல் அவர்தம் அறிவுக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆனால் பங்கு யாருடைய பெயரில்? குலத்தின் பெயரிலன்று, தலைமையைத் தமக்குள் பகிர்ந்துகொண்ட கான் குடும்பங்களின் பெயரிலேயே. காவல் யாரிடமிருந்து? மேய்ச்சலுக்கு வரும் அவர்களுடைய குலத்தவரிடமிருந்தே பெரும்பாலும். இவ்விரு வினாக்களுமே நமது விமரிசனத்தின் திறவுகோல்களாம். மேய்ச்சற் புலங்களை ஒழுங்குசெய்து, குடிகளின் வழக்குகளைத் தீர்த்துவந்த தலைவர், இப்பொழுது அப்புலத்திலிருந்து குடிகளை விலக்கிவைப்பதற்குக் கூலி பெறுபவராகின்றார். அவர் வகித்த பழைய பதவியின் பெயர் மாறவில்லை. பதவியின் உள்ளடக்கம் மாறிவிட்டது. பொதுவுரிமையாயிருந்ததொன்று தலைவரின் கையில் தனியுடைமையாக மாறும் கணத்தையே 1905 ஆம் ஆண்டுப் பத்திரம் பதிவுசெய்கின்றது.

காவற்பணம் பற்றிய பிணக்குகள் தொடரவே, 1907 ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்னல்ட் வில்சன் என்னும் இளம் அதிகாரியின் கீழ் இந்தியக் குதிரைவீரர் சிலர் அங்கு வந்திறங்கினர். பேச்சுவார்த்தை என்னும் சொல்லின் பின்னால் எப்பொழுதும் நின்ற துப்பாக்கி அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. 1908 மே 26 ஆந் திகதி, மஸ்ஜிதே சுலைமானில், ஏறத்தாழ 1,180 அடி ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டது. 1909 ஏப்ரலில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கொம்பனி லண்டனிற் பதிவாயிற்று. அதே ஆண்டு ஜூலையில், உடன்படிக்கையிற் சம்பந்தப்பட்ட கான்களுள் ஒருவரான சர்தார் அஸ்அத், அரசியல் யாப்பை மீட்கப் பக்தியாரிப் படையுடன் தெஹ்ரானுள் நுழைந்தார். ஒரே மனிதர், ஒரு கையிலே தேசத்தின் யாப்பையும் மறுகையிலே கொம்பனியின் பங்கையும் ஏந்தி நின்றார். அவரைத் துரோகியெனத் தள்ளுவதும் வீரரெனப் போற்றுவதும் எளிது. அவர் நின்ற வர்க்க நிலையை விளங்கிக்கொள்வதே கடினம். ஒரு கலைஞனிடம் நாம் எதிர்பார்ப்பது இக்கடினமான பணியையே.

இனி, இம்மக்களைக் கலை எவ்வாறு கண்டது என்பதை ஆராய்வோம். 1925 இல் வெளிவந்த ‘கிராஸ்’, அதாவது ‘புல்’, என்னும் மௌனப்படம் உலகப் புகழ்வாய்ந்தது. மெரியன் கூப்பர், ஏர்னஸ்ற் ஷூட்சாக், மார்கரெட் ஹரிசன் ஆகிய மூன்று அமெரிக்கர், பக்தியாரி மக்களின் வேனிற்காலப் பெயர்வைப் பின்தொடர்ந்து இதனை எடுத்தனர். காற்றடைத்த ஆட்டுத்தோல்களின்மேல் கட்டிய தெப்பங்களிற் கரூன் ஆற்றைக் கடக்கும் மக்களையும், சர்தே கூஹ் மலையின் பனியில் வெறுங்காலுடன் பாதை வெட்டுவோரையும் காணும்போது மெய்சிலிர்க்கின்றது. உழைப்பின் மாண்பை இத்துணை நேரடியாகக் காட்டிய படங்கள் அக்காலத்திற் சிலவே என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் அம்மக்கள் எங்கிருந்து புறப்படுகின்றனர்? எண்ணெய்க் கிணறுகள் அமைந்த அதே தாழ்நிலப் பிரதேசத்திலிருந்தன்றோ? படமெடுக்கப்பட்டபோது மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் கண்டு பதினாறு ஆண்டுகளாகிவிட்டன. அபதான் சுத்திகரிப்பு நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. கொம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை 1914 இலேயே பிரித்தானிய அரசாங்கம் வாங்கியிருந்தது. இவற்றுள் ஒன்றேனும் படத்தில் இடம்பெறவில்லை. காலத்துக்கு அப்பாற்பட்ட ஆதிமனிதராகப் பக்தியாரிகளைக் காட்டவேண்டுமாயின் குழாய்வழி கண்ணிற் படக்கூடாது. அப்படம் புல்லைத் தேடிச் செல்லும் மக்களைக் காட்டிற்று. அப்புல்லின்மேல் எழுதப்பட்டிருந்த ஒப்பந்தத்தைக் காட்டவில்லை. ‘கள்ளமற்ற பழங்குடி’ என்னும் கற்பனையின் அழகிய வடிவம் இதுவே.

இதற்கு நேர்மாறானது அப்துல் ரஹ்மான் முனீஃபின் ‘உப்பு நகரங்கள்’ என்னும் அரபு நாவல் தொகுதி. இது பாரசீகத்தைப் பற்றியதன்று. பெயர் சொல்லப்படாத ஓர் அரபு இராச்சியத்தைப் பற்றியது. ஆயினும் மேய்ப்பரும் உழவரும் வாழ்ந்த நிலத்தில் கொம்பனி புகுந்த அதே வரலாற்றை மறுகரையிலிருந்து காட்டுவதால், இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குதல் பொருந்தும். 1933 இல் அம்மானிற் பிறந்து, பெல்கிரேட்டில் எண்ணெய்ப் பொருளாதாரத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, சவூதிக் குடியுரிமையை இழந்து, 2004 இல் டமஸ்கஸிற் காலமானவர் முனீஃப். ஐந்து பாகங்களுள் முதலாவது 1984 இல் வெளிவந்தது. சவூதி அரேபியாவில் அது தடைசெய்யப்பட்டது.

வாதி அல்-உயூன் என்னும் பாலைவனச் சோலைக்கு மூன்று அந்நியர் வருகின்றனர். தண்ணீர் தேடுகிறோம் என்கின்றனர். முத்இப் அல்-ஹத்தால் என்னும் முதியவர் மட்டும் ஐயுறுகின்றார். ஊரார் அமீரிடம் முறையிடச் சென்றபோது, மண்ணின் கீழுள்ள செல்வத்தைப் பற்றிய ஆசைவார்த்தையும் எச்சரிக்கையுமே விடையாகக் கிடைக்கின்றன. பின்னர் யந்திரங்கள் வருகின்றன. மரங்கள் வேரோடு சாய்கின்றன. முத்இப் தமது ஒட்டகத்திலேறி மறைந்துவிடுகின்றார். ஊர் சிதறுகின்றது. அவ்வூர் மைந்தர் கடற்கரை நகரான ஹர்ரானிற் கூலிகளாகின்றனர். இறுதியில், வேலைநீக்கத்தை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்கின்றனர். 1953 இலும் 1956 இலும் அரம்கோ தொழிலாளர் நடத்திய போராட்டங்களை அறிந்த வாசகர் இப்பகுதியை வெறுங் கற்பனையென ஒதுக்கமாட்டார்.

அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் அப்டைக் 1988 இல் எழுதிய மதிப்புரையில், இந்நூல் நாவலெனத்தக்க உருவத்தைப் பெறவில்லை என்றும், ஆசிரியர் மேனாட்டு மரபிற் போதியளவு தோயவில்லை என்றும் பொருள்படக் குறைகூறினார். தனிமனிதனின் அகப்போராட்டத்துக்குப் பதிலாக ஒரு கூட்டத்தின் கதையே இதிலுண்டு என்பது அவரது மனக்குறை. இதனை நாம் ஏற்பதற்கில்லை. இழக்கப்பட்டது ஒருவனின் காணியாயின் ஒருவனின் கதை போதும். இங்கே இழக்கப்பட்டது பொதுநிலம். ஆகவே கதையும் பொதுக்கதையாகவே அமைதல் இயல்பு. முத்இப் கதையின் தொடக்கத்திலேயே மறைந்து, பின்னர் வதந்தியாகவும் நம்பிக்கையாகவும் மட்டும் உலவுவது கட்டுக்கோப்பின் தளர்ச்சியன்று. தலைவனை இழந்த மக்கள் தம்மைத் தாமே தலைவராகக் காணும்வரை அவர் தேவைப்படுகின்றார். வேலைநிறுத்தத்தின்போது தேவை தீர்ந்துவிடுகின்றது.

இந்நாவலில் ஒப்பந்த மேசை காட்டப்படவில்லை. எண்ணெய்ப் பொருளாதாரத்தைத் துறைபோகக் கற்ற ஒருவர் அதனை அறியாமல் விட்டிருப்பாரா? இதற்கும் வரலாறே விடைதருகின்றது. பாரசீகத்தில் மத்திய அரசு வலுவற்றிருந்தமையாற் கொம்பனி குலத்தலைவர்களிடம் தனியே விலைபேசிற்று. அரேபியாவிலோ, 1929 இன் சபிலாப் போருடன் கிளர்ச்சி செய்த குலங்களை இப்னு சவூத் ஒடுக்கத் தொடங்கியிருந்தார். 1933 மே 29 ஆந் திகதி ஜித்தாவில் கலிபோர்னிய ஸ்ராண்டர்ட் எண்ணெய்க் கொம்பனியுடன் மன்னரின் நிதியமைச்சரே கைச்சாத்திட்டார். முதற்கடனும் முதலாண்டு வாடகையுமாக 35,000 பொற்பவுண்கள் பேசப்பட்டன. எந்தச் சோலையின் மக்களுக்கும் அம்மேசையில் ஆசனமில்லை. எனவே, மேசையைக் காட்டாது விட்டதன்மூலம் மக்கள் அதனைக் கண்ட விதத்தையே முனீஃப் காட்டியிருக்கின்றார். அவர்களுக்கு ஒப்பந்தம் என்பது ஒரு காலை கேட்ட யந்திரத்தின் இரைச்சல்.

இது நாவலின் பலம். அதன் பலவீனமும் இதனோடு ஒட்டியே பிறக்கின்றது. அந்நியருக்கு முதலில் விருந்தளித்துப் பின்னர் கொம்பனிக்கு ஆள்சேர்க்கும் இப்னு ராஷிதும், தொலைநோக்கியிலும் வானொலியிலும் மயங்கி ஈற்றில் மதியிழக்கும் அமீர் காலிதும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வரையப்படுகின்றனர். அவர்களின் பேராசையைக் காண்கின்றோம், கணக்கைக் காண்கின்றோமில்லை. அமீரின் பைத்தியம் நம்மை நகைக்கச் செய்கின்றது. ஆனால் தொலைநோக்கிக்கு மயங்காது, பங்குக்கு மட்டும் மயங்கும் தெளிந்த தலைவர்களே கொம்பனிகளுக்கு அதிகம் பயன்பட்டனர் என்பதைப் பக்தியாரி வரலாறு உணர்த்துகின்றது. எண்ணெயின் வருகை பேரிலக்கியத்தைப் பிறப்பிக்காதது ஏன் என அமிதாவ் கோஷ் 1992 இல் வினவினார். நாம் கூறக்கூடிய ஒரு காரணம், மூடத்தலைவரைப் படைப்பதில் நமக்குள்ள விருப்பம், அறிவுடைய தலைவரைப் படைப்பதில் இல்லை என்பதாம்.

அத்தகைய அறிவும் அவர்களைக் காக்கவில்லை. 1920 களின் தொடக்கத்திலேயே, மூத்த கான்களின் ஏகபோகத்தை வெறுத்த இளைய கான்கள் ‘பக்தியாரி விண்மீன்’ என்னும் சங்கத்தை அமைத்தனர். றேசா ஷாவின் புதிய அரசு வலுப்பெற்றதும் கொம்பனிக்குக் குலத்தலைவர்கள் தேவைப்படவில்லை. அபதான் நிலத்தை 1909 இற் கொம்பனிக்கு வாடகைக்கு அளித்த முஹம்மரா ஷெய்க் கஸ்அல் 1925 இற் சிறைப்பிடிக்கப்பட்டுத் தெஹ்ரானுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போர் மந்திரியாயிருந்த இளைய சர்தார் அஸ்அத் 1934 இற் சிறையில் மாண்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கான்களின் எண்ணெய்ப் பங்குகளும் அரசின் கைக்குச் சென்றன.

தலைவர்களின் வீழ்ச்சியை அவலமெனக் காட்டும் கதைகள் இனியும் எழுதப்படலாம். அவற்றை நாம் வாசிக்கும்போது ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மூன்று வீதம் குறைந்த விலையா, இருபது வீதம் நியாயமான விலையா என்பது கான்களுக்கும் கொம்பனிக்கும் இடையிலான வழக்கு. அம்மேய்ச்சல் நிலத்திலே ஆட்டுக்குட்டியைச் சுமந்து நடந்தவர்களின் வழக்கு வேறு. விலை சொல்லும் அதிகாரத்தை அவர்களிடம் கேளாது எடுத்துக்கொண்டவர் யார் என்பதே அவ்வழக்கு. முனீஃப் அதனை விசாரணைக்கு எடுத்தார். முற்றாக விசாரித்து முடித்தார் என்று கூறுவதற்கில்லை. அந்நியரையும் தலைவரையும் ஒருங்கே அறிவாளிகளாகவும், ஒருங்கே குற்றவாளிகளாகவும் காட்டும் நாவல் எழுதப்படும்போதே அவ்வழக்கு முழுமையாக விசாரிக்கப்பட்டதாகும்.