வெள்ளைப் புடவை

கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில், தலைச்சுமையோடு ஏறி வந்த ஒரு கிழவியின் சேலைக்கட்டைப் பார்த்ததும் எனக்கு ‘ஔவையார்’ படம் நினைவுக்கு வந்தது. அலங்காரத்துக்கென்று ஒரு மடிப்பில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

1953-ல் ஜெமினி வெளியிட்ட அந்தப் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் வந்து நின்றாலே போதும். அரண்மனைப் பட்டும் பகட்டும் மங்கிவிடுகின்றன. வெள்ளைச் சேலை, விபூதி, கையில் கோல், அவ்வளவுதான். எளிமை என்று ஒரே வார்த்தையில் பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 1933-ல் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளை அது. விதவைக்கு ஊர் விதித்த உடை. இருபது வருஷம் உடுத்தி உடுத்தித் தமக்கே உரியதாக்கிக்கொண்டார் போலும். படத்தில் அதுவே அரசர்கள் எழுந்து நிற்கும் உடையாகிவிட்டது. கம்பீரந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு எந்த நிறம் பிடித்திருக்குமோ என்று நினைக்காமல் என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடிவதில்லை.