ஓடுதளத்துக்கு எது சாட்சி?

கைபேசியிலேயே செயற்கைக்கோள் படம் கிடைப்பதால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் விட்டுப்போன விமான ஓடுதளங்களைத் தேடுவது சுலபம் போலத் தோன்றுகிறது. தீவுக் காட்டுக்குள் ஒரு நேர்கோடு தெரிந்தால் போதும், கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்துவிடலாம். இந்த முறை விசாரணைக்குத் தாங்குமா?

நம் நாட்டில் இதற்குக் களம் அந்தமான் நிக்கோபார். 1942 மார்ச்சில் போர்ட் பிளேயரைப் பிடித்த ஜப்பானியப் படை, 1945-ல் சரணடையும்வரை அங்கே இருந்தது. போர்ட் பிளேயரிலும் கார் நிக்கோபாரிலும் உள்ளூர் மக்களை அடித்து வேலை வாங்கி ஓடுதளம் போட்டது.

நேர்கோட்டுச் சான்றை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பவளக்கல்லை இறுக்கிப் போட்ட தளத்தில் மரம் லேசில் வேர்பிடிக்காது. பிறகு தென்னை வைத்திருந்தாலும் உயர வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். பழைய தென்னை விளையில் இடையிடையே வைத்த தென்னம்பிள்ளை எது என்று நாஞ்சில் நாட்டில் யாரும் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். ஆனால் சாலையும் மின்பாதையும் தோட்ட எல்லையும்கூட நேர்கோடுதான். இவற்றைப் பிரிக்கக் காற்றின் திசை ஒரு வடிகட்டி; ஓடுதளத்தைக் காற்றின் போக்கில்தான் போடுவார்கள். போர்ட் பிளேயரின் இன்றைய ஓடுதளம் வடகிழக்கு–தென்மேற்காக, இரண்டு பருவக்காற்றுகளின் போக்கில் கிடக்கிறது. அதற்குக் குறுக்கே ஓடும் கோட்டை எளிதில் நம்பக்கூடாது. காற்றோடு ஒத்துப்போனாலும் ஓடுதளமாக இருக்கலாம் என்ற ஊகம் வலுக்கும், அவ்வளவுதான்.

ஆவணம் இன்னும் கனமானது. ஜப்பானியர் தங்கள் காகிதங்களை எரித்துவிட்டார்கள். ஆனால் நேச நாடுகளின் வேவு விமானங்கள் எடுத்த படங்களில் தேதி உண்டு. போருக்கு முந்தைய வரைபடத்தில் இல்லாத கோடு அந்தப் படத்தில் இருந்தால் வழக்கு பாதி முடிந்தது. ஒரு எச்சரிக்கை: 2004 சுனாமியில் கார் நிக்கோபாரின் நிலம் தாழ்ந்து கரை மாறிவிட்டது. பழைய படத்தை இன்றைய கரையோடு பொருத்தினால் இடம் தவறும்.

முதியவர்களின் நினைவு, கல் சுமந்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதற்கு முதல்தரச் சாட்சி. திசைக்கும் நீளத்துக்கும் அல்ல. தலைமுறை கைமாறும்போது அவை நழுவிவிடும்.

மூன்றையும் எடைபோட்டால், இடத்துக்குத் தேதியுள்ள வான்படம், கட்டிய விதத்துக்கு நினைவு, தேடத் தொடங்குவதற்குச் செயற்கைக்கோள் படம் என்பதே சரியான வரிசை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படாத இரண்டு சான்றுகளாவது ஒத்துப்போக வேண்டும்.

நேர்கோட்டை நம்புவதைவிடப் பெரிய பிழை, தளங்கள் கைவிடப்பட்டன என்று எண்ணிக் காட்டில் தேடுவது. ஜப்பானியர் போட்ட அந்த இரண்டு தளங்களும் கைவிடப்படவே இல்லை. ஒன்று விமான நிலையமாகவும் மற்றொன்று விமானப்படைத் தளமாகவும் வளர்ந்துவிட்டன. நமக்குப் பக்கத்தில், திருநெல்வேலி தாண்டிக் கயத்தாற்றில் கேட்பாரற்றுப் போனது, அதே போரில் ஆங்கிலேயர் தரப்பு போட்ட தளம். காரணம் நிலம். கரிசல் சமவெளியில் வேறு இடம் தாராளமாகக் கிடைக்கும். தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வாகைக்குளம் கிடைத்தது. தீவிலோ சமதளம் அரிது. ஒருமுறை வெட்டித் திருத்திய இடத்தை அடுத்து வருபவன் விடமாட்டான்.

ஆகவே, தீவில் போர்க்கால ஓடுதளம் தேடுகிறவர் இன்று விமானம் இறங்கும் இடத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். காட்டுக்குள் போவது அதற்குப் பிறகு.