இளங்கலை உளவியல்: யாருடைய மனம்?

உளவியல் பட்டப்படிப்பு பெரும்பாலும் 1879இல் தொடங்குகிறது: வுண்ட், லைப்சிக், ஆய்வுக்கூடம். அதையொட்டிய ஆண்டுகளில்தான் தேவாலாவில் தங்கம் விளையும் என்று லண்டனில் கம்பெனிகள் பங்கு விற்றன. இந்த இரண்டாம் கதை பாடத்தில் இல்லை என்பதல்ல என் புகார்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்டு இப்பக்கத்து டேன்டீ தோட்டங்களில் நடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் படிக்கிறார்கள். 'கொழுந்தெடுக்கப் போனா நெஞ்சு அடைக்குது' என்று பாட்டி சொன்னால், அதை 'அறிகுறி' என்று பெயர்க்கப் படிப்பு கற்றுத்தருகிறது. அந்த ஒப்பந்தம் நோய்வரலாற்றுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அடங்கும்? பணியர் குடியிருப்புக் குழந்தைக்கு நுண்ணறிவுச் சோதனை வைக்கும்போது அளக்கப்படுவது பிள்ளையா, பள்ளிக்கூடமா? (1905இல் பாரிஸில் அளவுகோல் செய்த பினே அதைப் பிறவி அளவாகக் கொள்ளவில்லை, அது அமெரிக்காக்காரர்கள் பார்த்த வேலை.)

ஃபூக்கோ பேரைச் சொல்லி இந்தப் படிப்பையே கொளுத்திவிடலாம் என்கிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்தில் பேச்சைக் கேட்க ஆள் வேணும். புள்ளியியலும் சோதனை முறையும் கறாராகச் சொல்லித்தரப்பட்டால் அதுவே பெரிய வலு. பேயோட்டுகிறவனையும் மாத்திரை விற்கிறவனையும் ஒருசேரச் சந்தேகிக்க அது உதவும். ஆனால் சந்தேகம் படிப்பின் பக்கமும் திரும்ப வேண்டாமா? 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், காயடிப்பு அச்சம் தன் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியரிடம் போல அழுத்தமாக இல்லையென்று ஃபிராய்டுக்கே எழுதினார். சரியோ தப்போ, அந்தத் தகராறை முதல் பருவத்திலேயே வைக்கலாம்.

மூன்றாமாண்டு ஆய்வேட்டுக்கு ஆயத்த வினாநிரல் வேண்டாம். ஒரு லைன் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் உட்கார்ந்து கேட்டதை, கேட்ட தமிழிலேயே எழுதட்டும். மதிப்பெண் போடுவது சிரமந்தான். போடட்டும்.